பதில் எழுதுகிறவள்

வாசுவின் படம் பத்திரிகையில் வந்த அன்றுதான் யோகலட்சுமிக்கு அவன்மேல் பொறாமை வந்தது என்று சொல்ல முடியாது. அது முன்பே வந்துவிட்டது. அன்று அதை மறைக்க முடியாமல் போனது, அவ்வளவுதான்.

தொண்ணூறுகளின் நடுவில், தீவின் ஜெலுத்தோங் பகுதியில் அடுக்குமாடியொன்றில் குடியிருந்த வாசு, கணினியில் தமிழ் தட்டச்சு செய்ய ஒரு மென்பொருள் எழுதி, மூல நிரலோடு இணையத்தில் இலவசமாக வைத்தான். விரும்பியவர் திருத்தலாம், சேர்க்கலாம். கப்பல் நிறுவனமொன்றின் கணினிப் பிரிவில் இருந்த யோகலட்சுமி முதல் ஆளாகச் சேர்ந்தாள். அவளுக்கும் நிரல் எழுதத் தெரியும். ஆனால் எழுத்துரு ஏறவில்லை, 'ழ' அச்சாகவில்லை என்று மின்னஞ்சல்கள் குவிந்தபோது, "நீங்கதான் பொறுமையானவங்க, அக்கா" என்றான் வாசு. அந்த வேலை அவள் தலையில் விழுந்தது. பதில் எழுதினாள். வழிகாட்டி எழுதினாள். ஒவ்வொரு பதிப்பையும் பழைய அச்சுப்பொறிகளில் சோதித்தாள்.

பத்திரிகையில் படத்தின் கீழே 'வாசுவும் நண்பர்களும்' என்று மட்டும் இருந்தது. சூலியா தெருச் சாப்பாட்டுக் கடை முதலாளி முகம்மது சுல்தான், படத்தைப் பார்த்துவிட்டு வாசுவுக்கு மட்டும் தன் கையால் பரிமாறினார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த யோகலட்சுமிக்குச் சோறு இறங்கவில்லை.

இனி நானும் நிரல்தான் எழுதுவேன் என்று சொல்லிவிட்டாள். மின்னஞ்சல் வேலை, புதிதாகச் சேர்ந்த, கடலுக்கு அக்கரையில் தாசேக் கெலுகோர் ஊரில் இருந்த சந்திரிகாவுக்குப் போனது. யோகலட்சுமி எழுதிய சொற்பிழை காட்டும் பகுதி வெளியானது; மென்பொருளைத் திறந்தால் அவள் பெயர் திரையில் வந்தது. அந்த மகிழ்ச்சி ஒரு வாரம்கூட நிற்கவில்லை. மென்பொருள் பற்றி அவளிடமே எல்லாம் கேட்டுப் பழகிய தவமணி டீச்சர் தொலைபேசியில் அழைத்து, சந்திரிகாவின் நம்பரைக் கேட்டார். "அந்தப் பொண்ணு எவ்ளோ அழகா சொல்லித் தருது தெரியுமா?" என்றார்.

அவள் தூக்கி எறிந்த வேலைதான். ஆனாலும் அதில் இன்னொருத்தி பேர் வாங்குவது பொறுக்கவில்லை.

வேலையைத் திருப்பிக் கேட்க ஃபெரி ஏறி, பஸ் பிடித்து சந்திரிகாவின் வீட்டுக்கே போனாள். சந்திரிகா விட்டுக்கொடுக்கமாட்டாள் என்று நினைத்து, சண்டைக்குத் தயாராகவே போயிருந்தாள்.

"எடுத்துக்குங்கக்கா," என்றாள் சந்திரிகா. "எனக்கு மட்டும் நிரல் எழுத ஆசை இல்லையா? பொம்பளப் புள்ளதான் பொறுமையா செய்யும்னு சொல்லி வாசு அண்ணன் என் தலையில கட்டிட்டாரு லா."

யோகலட்சுமி கொண்டுவந்த கோபம் வாசு பக்கம் திரும்பியது.

ஒரு பதிப்பில் நிரல் எழுதியவர் அடுத்த பதிப்பில் மின்னஞ்சலுக்குப் பதில் எழுத வேண்டும் என்று இருவரும் முடிவு செய்தார்கள். தனக்கு நேரமில்லை என்றான் வாசு. அப்படியானால் சோதிக்க எங்களுக்கும் நேரமில்லை என்றார்கள். அவன் வழிக்கு வந்தான்.

அவன் பதில்கள் கடுகடுவென்றிருந்தன. பலவற்றை யோகலட்சுமி மாற்றி எழுதினாள். ஆனால் ஒரே கேள்விக்குத் திரும்பத் திரும்பப் பதில் எழுதிச் சலித்தவன், எழுத்துரு தானாகவே ஏறும்படி நிரலை மாற்றிவிட்டான். அந்தப் புகாரே நின்றது. எத்தனையோ மாதம் அந்தக் கேள்விக்குப் பதில் எழுதியவள் யோகலட்சுமி. பாராட்டு மடல்களெல்லாம் வாசுவின் பெயருக்கு வந்தன. அவற்றுக்கு நன்றி சொல்லிப் பதில் எழுதும் முறை அந்தப் பதிப்பில் அவளுடையது. பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினாள்.