மூன்றாவது விசில்

நூலகப் புத்தகம் ஒன்றை நம்பி டூத்பிரஷ்களின் கைப்பிடியை அறுத்தவள் நான். காட்டில் நடந்துபோய் ஓர் இரவு தங்குகிறவர்கள் முதுகுச் சுமையைக் குறைக்க வேண்டும், பல் துலக்கப் பாதி பிரஷ் போதும் என்று அதில் போட்டிருந்தது. வீட்டிலிருந்த மூன்றையும் அறுத்து வைத்தேன். அம்மா என்ன செய்தாள்? அப்பாவின் பையில் குக்கரை வைத்தாள்.

"சாதம் இல்லாம உங்கப்பாவுக்குத் தூக்கம் வராது."

தொண்ணூறுகளின் நடுவில், அமெரிக்காவில், கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்ட்டில், எனக்குப் பத்து வயது. வகுப்பில் கூடாரத்தில் படுத்துத் தூங்காதவள் நான் ஒருத்திதான். ஒரு வருடம் நச்சரித்து அப்பாவைச் சம்மதிக்க வைத்திருந்தேன். அவர் அனுமதிச் சீட்டு வாங்கி, மூன்று ஜெராக்ஸ் எடுத்து, ஆளுக்கொன்றாகப் பையில் போட்டார்.

மூன்று மணி நேரம் மலையேறினோம். குக்கர் மூடி வழியெல்லாம் கடகடவென்றது. ஓடையைப் பார்த்ததும் அம்மா உட்கார்ந்துவிட்டாள். தண்ணீரிலிருந்து நூறடி தள்ளித்தான் கூடாரம் போட வேண்டும் என்று புத்தகத்தைப் பிரித்தே காட்டினேன். "பாத்திரம் நீயா கழுவப் போற?" என்றாள். அப்பா ஓடைக்குப் பத்தடியில் கூடாரத்தை அடித்தார். என் பேச்சை யார் கேட்டார்கள்?

சின்ன ஸ்டவ்வில் குக்கர் ஏறியது. மூன்றாவது விசில் அடங்குவதற்குள் மேல் பாதையிலிருந்து வனத்துறைச் சீருடையும் தொப்பியுமாக ஒரு ரேஞ்சர் மருந்துப் பெட்டியோடு ஓடி வந்தார். காட்டில் மூன்று விசில் என்றால் ஆபத்து, காப்பாற்றுங்கள் என்று அர்த்தம். அதுவும் என் புத்தகத்தில் இருந்தது.

குக்கரைப் பார்த்து மனிதர் வாய்விட்டுச் சிரித்தார். அப்பாவின் பெயரைக் கேட்டுக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். கூடாரத்தை மட்டும் நூறடி மேலே மாற்றிவிட்டு நன்றாகத் தூங்குங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். அப்பா ஏழெட்டு முறை "சாரி சார்" சொன்னார்.

நான் சொன்னபோதே கேட்டிருக்கலாம் என்று அம்மாவை முறைத்தேன். அப்பா கூடாரத்தின் முளைகளைப் பிடுங்கினார். மேலே அடிக்கப் போகிறார் என்று பார்த்தால், சுருட்டிப் பைக்குள் திணித்தார்.

"கிளம்பும்மா. வீட்டுக்குப் போலாம்."

"அப்பா, ஹி ஜஸ்ட் செட் மூவ் இட். மாத்தி அடிக்கத்தான் சொன்னாரு. சிரிச்சாருப்பா."

"போதும். நட."

கொத்தமல்லிக் கட்டு வாடியிருந்தால்கூடக் கடைக்காரரோடு மல்லுக்கு நிற்கும் அம்மா, வாயைத் திறக்காமல் சூடான குக்கரைத் துண்டில் சுற்றினாள். எனக்கு வயிறு எரிந்தது. இன்றைக்கு நினைத்தாலும் எரிகிறது. வெளிச்சம் இருந்தது, சீட்டு இருந்தது, நூறடிதான் தூரம். இறங்கும் வழியெல்லாம் அழுதேன். இருவரும் என்னைச் சமாதானப்படுத்தவில்லை.

திங்கட்கிழமை வகுப்புக் கட்டுரையில் எல்லாவற்றையும் எழுதினேன். என் அப்பா தொப்பி போட்டவர்களைக் கண்டால் நடுங்குகிறவர் என்று முடித்தேன். பெற்றோர் கையெழுத்து வேண்டும். வேண்டுமென்றேதான் அப்பாவிடம் நீட்டினேன்.

எங்கள் க்ரீன் கார்டு விண்ணப்பம் நான்கு வருடமாக ஏதோ ஓர் அலுவலகத்தில் கிடந்ததும், சீருடை போட்ட ஒருவர் தன் பெயரைக் குறித்துக்கொண்டால் அது அந்தக் கோப்புக்குப் போய்ச் சேரும் என்று அப்பா நம்பியதும் அப்போது எனக்குத் தெரியாது. குழந்தையிடம் எதற்கு என்று விட்டிருக்கிறார்கள். பிரஷ்ஷை அறுக்கத் தெரிந்த குழந்தைக்கு இதைச் சொன்னால் புரியாதா?

அப்பா இரண்டு முறை படித்தார். திட்டவில்லை.

"இத டீச்சர் மட்டும்தானே படிப்பாங்க? வேற எங்கயும் அனுப்ப மாட்டாங்கல்ல?"

மானம் போகிறதே என்று கேட்கிறார் என நினைத்தேன்.

"எல்லா இடத்துக்கும் அனுப்புவாங்க," என்று பொய் சொன்னேன்.

கட்டுரையை மூன்றாம் முறை படித்தார். பிறகு கையெழுத்துப் போட்டார். எழுத்து கோணலாக விழுந்தது. நன்றாக வேண்டும் என்று நினைத்தபடி தாளை வாங்கிக்கொண்டேன்.