மூடிக்குப் பொட்டு வைத்தோம்

தரக்கட்டுப்பாட்டுக்காரன் பக்கத்தில் வந்து நின்றாலே வேலை செய்கிறவன் முகம் மாறிவிடும். இதே தொழிலில் அவதிப்படும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கேண்டீனில்கூட நம் பக்கத்து நாற்காலி காலியாகத்தான் கிடக்கும். வல்லம் வடகால் தொழிற்பேட்டையில் கார் கம்பெனிகளுக்கு இரும்பு ஸ்டாண்டு செய்துகொண்டிருந்த எங்கள் பட்டறைக்கு ஒருநாள் அணுமின் நிலைய வேலை வந்தது. மாதிரிக்கு ஒரு ஸ்டீல் கூண்டும் மூடியும். அது தேறினால் முழு ஆர்டர். தேறாவிட்டால் எங்கள் வெல்டர் ஏழுமலையின் கான்ட்ராக்ட் அந்த மாதத்தோடு முடிந்துவிடும்.

பூட்டு போதாதா?

அணுமின் நிலையத்திலிருந்து சோதிக்க வந்தவர் ஜெசிந்தா மேடம், நாகர்கோவில்காரர். உலையில் பயன்படுத்தி முடித்த எரிபொருளை இந்த மாதிரிக் கூண்டில் அடுக்கி வருஷக்கணக்கில் தண்ணீர்த் தொட்டியில் வைத்திருப்பார்களாம். அதிலிருந்து குண்டுக்கான சரக்கைப் பிரிக்க முடியும் என்பதால், வெளிநாட்டு ஆய்வாளர்கள் வந்து எண்ணிப் பார்த்து, கூண்டை மூடி, கம்பி கோத்து சீல் வைப்பார்களாம். யாரும் அலுங்காமல் எடுத்துவிடக் கூடாது, அவ்வளவுதான்.

"இதுக்கு இன்னாத்துக்கு மேடம் கம்பி? நல்ல பூட்டா போட்டா போதாதா?" என்றார் ஏழுமலை. பூட்டு திருடனைத் தடுக்கும், சீல் தடுக்காது, ஆனால் திறந்த விஷயத்தைச் சொல்லிவிடும் என்று மேடம் பொறுமையாக விளக்கினார். ஏழுமலை தலையாட்டினார். "புரிஞ்சிச்சி மேடம். அது எங்க பக்கத்து வூட்டு அக்கா மாதிரி."

ஆயுத பூஜை

மேடம் மூடிக்கு ஒரு சீலைக் கட்டிவிட்டு, பூஜை லீவு முடிந்து வந்து பார்ப்பதாகச் சொல்லிப் போனார். எங்கள் ஆட்கள் டிரில்லிங் மெஷினுக்குச் சந்தனம் வைத்தார்கள், கிரைண்டருக்கு வைத்தார்கள், அதே கையோடு மூடிக்கும் பெரிதாக வைத்து குங்குமமும் இட்டுவிட்டார்கள். அந்த ஸ்டீலில் கண்டதும் படக் கூடாது. தண்ணீருக்குள் கிடக்கும்போது அரிப்பு வந்துவிடும்.

லீவு முடிந்து வந்ததும் நான் முதலில் பார்த்தது மூடியைத்தான். பளபளவென்று இருந்தது. கம்பியைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன், ஒரு குறையும் இல்லை. இவ்வளவு சுத்தமான கை வேலையை நான் பார்த்ததே இல்லை என்று மூடியைத் துடைத்து வைத்த ஏழுமலையைப் பாராட்டினேன். அவருக்குப் பெருமை தாங்கவில்லை. "சந்தனம் மூடிக்கு அடியில பூந்துகினு இருந்திச்சி சார். கம்பிய அறுத்து, தொடச்சி, மறுபடியும் அதே மாதிரி கட்டிட்டேன். தெரியுதா பாருங்க!"

மேடத்தின் கண்

மேனேஜரிடம் ஓடிப் போய்ச் சொன்னேன். அவர், "ஒருத்தரும் வாயைத் திறக்கக் கூடாது" என்று சொல்லி முடிப்பதற்குள் மேடம் வந்துவிட்டார். கட்டிய அன்று எடுத்த போட்டோவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு குனிந்தவர் உடனே நிமிர்ந்தார். "இது நான் கட்டினது இல்லையே." எனக்குப் பூதக்கண்ணாடியில் தெரியாதது அவருக்கு ஒரே பார்வையில் தெரிந்துவிட்டது. அந்தப் பயத்திலும் அவரைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

மேனேஜர் ஏதோ சமாளிக்கப் பார்த்தார். ஏழுமலை முன்னால் வந்தார். "நான்தான் மேடம் அறுத்தேன். சந்தனம் பட்டுடிச்சி. இவங்க மேல தப்பு இல்ல." வேலை போகும் என்று தெரிந்தே சொன்னார்.

மேடம் கோபப்படவில்லை. கம்பியை அறுக்காமல் மூடியைக் கழற்றப் பார்த்தீர்களா என்று மட்டும் கேட்டார். "பார்க்காம இருப்பனா மேடம்? சைடுல நெம்பினேன், திருப்பினேன், இன்னா பண்ணாலும் அசையல. அதுக்கப்பறம்தான் அறுத்தேன்."

மேடம் சிரித்துவிட்டார். "மூடியச் செஞ்ச உங்களாலயே அறுக்காமத் திறக்க முடியல, அறுத்ததும் எனக்குத் தெரிஞ்சிட்டு. இதுக்கு மேல எனக்கு என்ன டெஸ்ட் வேணும்? நல்லாக் கழுவி வைங்க, முழு ஆர்டரும் வரும்."

நாட்டுக்கு நாடு நம்பிக்கை இல்லாததால் எங்களைத் தேடி வந்த வேலை, ஏழுமலைக்குப் பொய் சொல்லத் தெரியாததால் எங்களிடமே தங்கிவிட்டது.