மரியாளின் ஜெபம்

கோப்பித் தோட்டங்கள் செழித்திருந்த காலத்தில் நான் இலங்கை மலைநாட்டுப் புசல்லாவையில் சபை உபதேசியார். என் பரிசுத்தத்தில் எனக்கே ஒரு மயக்கம் இருந்தது.

கோப்பிப்பழம் பறிக்கும் மரியாள், ஞானஸ்நானம் பெற்று ஒரு மாதம்கூட ஆகாதவள், காய்ச்சலில் கொதிக்கும் குழந்தையோடு மழையில் ஓடிவந்தாள்.

"ஐயா, ஜெபம் பண்ணுங்க!"

குழந்தையின் கையில் மந்திரக் கயிறு இருந்தது.

"ரெண்டு சாமி கும்புடுறியா? அறுத்துட்டு வா."

"மாமியா கட்டுனதுங்க. அறுத்தா லயத்து வீட்டுல என்னய சேக்காதுங்க. மொதல்ல ஜெபம் பண்ணுங்களேன்."

நான் கதவைச் சாத்தினேன்.

மாலையில் திரும்பி வந்தாள். கயிறு இல்லை. குழந்தையின் உடல் குளிர்ந்து விறைத்திருந்தது.

"அறுத்துட்டேங்க. இப்பவாவது பண்ணுங்க."

முழங்காலில் விழுந்தேன். ஆனால் அவள்தான் ஜெபித்தாள்.

"எம்புள்ளய ஏத்துக்க, ஆண்டவரே. ஐயாவ மன்னிச்சிரு."

ஆண்டவர் மன்னித்திருப்பார். ஆனாலும் யாராவது என்னைப் பரிசுத்தவான் என்றால் இன்றும் உடம்பு கூசுகிறது.