கந்தையா அண்ணையின் போத்தலும் என் போத்தலும்

1. காவலுக்கு நின்ற ஆள்

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட எனக்கு ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்கு உதவுகிற அற்றென்டன் வேலை கிடைத்தது. வேலை பிடித்திருந்தது. ஒரே தொல்லை, அங்கே கேள்விப்படும் நோய் வருத்தமெல்லாம் எனக்கும் இருப்பதாகத் தோன்றும். கண் வாட்டில் நின்ற காலத்தில் எனக்குப் பார்வை மங்கியது. எலும்பு முறிந்தவர்களின் வாட்டுக்கு மாற்றியபோது நொண்டத் தொடங்கினேன்.

எண்பத்தாறாம் ஆண்டில் கந்தையா அண்ணை வந்து சேர்ந்தார். பண்டத்தரிப்பில் புகையிலைத் தோட்டம் செய்கிறவர். தோட்டத்தில் நிற்கும்போதே திடீரென்று முகம் வெளிறுமாம், தலை இடிக்குமாம், கட்டியிருக்கிற சாரத்தைப் பிழியலாம் போல வேர்க்குமாம். கொஞ்ச நேரத்தில் எல்லாம் அடங்கிவிடும். பிறசர் பார்த்தால் ஒருநேரம் சரியாக இருக்கும், இன்னொரு நேரம் ஏறிக் கிடக்கும், நர்ஸ் மிஸி பயந்து இரண்டாம் தரம் பார்ப்பார்.

டொக்ரர் அவருடைய மனைவி இராசம்மா அக்காவைக் கூப்பிட்டு விளங்கப்படுத்தினார். நான் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றேன்.

"சிறுநீரகத்துக்கு மேலை ஒரு சுரப்பி இருக்கு. பயம் வந்தால் அட்ரினலின் எண்டு ஒரு சாமானை அதுதான் ரத்தத்திலை விடுகிறது. உவருக்கு அதிலை ஒரு கட்டி இருக்குமெண்டு நினைக்கிறன். பயமில்லாட்டிலும் அது சும்மா விட்டுக்கொண்டிருக்கும்."

"கட்டி இருந்தால்?"

"கொழும்புக்கு அனுப்பி வெட்டி எடுக்கலாம். தெரியாமல் விட்டால் ஒருநாள் பிறசர் ஏறி ஆள் போயிடும்."

"இல்லாட்டி?"

"இல்லாட்டி நாட்டு நிலைமையாலை வந்த பயம். மருந்துக் குளிசையோடை வீட்டை போகலாம்."

அந்தச் சாமான்களின் குடும்பப் பெயர் கற்றக்கோலமைன். அந்தப் பெயர் வாயில் பிடிபட எனக்கு ஒரு கிழமை எடுத்தது. நெஞ்சு படபடக்கத் தொடங்கியதோ அன்றைக்கே.

2. பத்தியம்

சோதனை சலத்தில், அதாவது சிறுநீரில்தான். ஒரு காலையிலிருந்து மறுகாலை வரை போவது எல்லாவற்றையும் ஒரு பெரிய போத்தலில் சேர்க்க வேண்டும். போத்தலின் அடியில் அசிட் இருக்கும். லாப்பில் அதோடு மருந்து கலந்தால், கட்டி இருக்கிற ஆளுடையது ஊதா நிறமாகும். அதற்கு முன் சில நாள் பத்தியம், இல்லாவிட்டால் நிறம் பொய் காட்டும்: வாழைப்பழம் கூடாது, கோப்பி கூடாது. ஆளைப் பயப்படுத்தவும் கூடாது. இவை எல்லாவற்றுக்கும் காவல் நான்.

நோயாளியைப் பார்க்க வருகிற எங்கள் சனம் வெறுங்கையோடு வராது. இதரை வாழைப்பழச் சீப்பும் பிளாஸ்கில் கோப்பியும் வந்தபடி இருந்தன. நான் கட்டிலுக்கு முன்னால் நின்று மறித்தேன்.

"கொண்டு வந்ததைத் திருப்பிக் குடுத்தால் அவை என்ன நினைப்பினம்?" என்றார் இராசம்மா அக்கா. "தம்பி, நீராவது தின்னும்."

"எனக்கு வேண்டாம் அக்கா."

"நோயாளியின்ரை சாமானெண்டு அருவருக்கிறீரோ?"

அதற்குப் பிறகு தின்னாமல் இருக்க முடியுமா? எல்லாவற்றையும் நானே தின்றேன். கோப்பியையும் குடித்தேன்.

போத்தல் வைக்கிற நாளன்று டொக்ரருக்கு ஒரு யோசனை வந்தது. "இப்ப ஊரிலை எல்லாருக்கும் பயம்தான். ஒப்பிட்டுப் பாக்க இதே வாட்டிலை இருக்கிற சுகமான ஆளொண்டு வேணும்." சுற்றிப் பார்த்துவிட்டு, "நீரும் ஒரு போத்தலிலை சேரும்" என்றார். மிஸி மறுபக்கம் திரும்பிச் சிரித்தார்.

மத்தியானம் ஆமியின் ஹெலிகொப்டர் வந்தது. சூட்டுச் சத்தமும் கேட்டது. நடக்க முடிந்தவர்கள் எல்லாரும் சுவரோரம் ஒதுங்கினார்கள். சத்தம் ஓய்ந்த பிறகு கந்தையா அண்ணை கட்டிலில் இருந்தபடி கீழே எட்டிப் பார்த்தார்.

"தம்பி, என்னைப் பயப்படாமல் பாக்கவெல்லோ உம்மை விட்டிருக்கு. கீழை என்ன செய்யிறீர்?"

"போத்தலைப் பாத்துக்கொண்டு இருக்கிறன் அண்ணை."

"என்ரை போத்தல் இஞ்சை மேலை இருக்கு. நீர் கட்டிப்பிடிச்சிருக்கிறது உம்மடையை."

3. ஊதா

கந்தையா அண்ணையின் போத்தல் ஊதா காட்டியது. என்னுடையது அதைவிடக் கடும் ஊதா.

முகம் கழுவும் இடத்தில் போய் நின்று என் நாடியைப் பிடித்தேன். ஓடிக்கொண்டிருந்தது. எனக்கும் கட்டி. வீட்டில் மனிசிக்கு எப்படிச் சொல்வது என்று வசனம் கட்டிக்கொண்டு திரும்பினால், டொக்ரர் துண்டு எழுதிக்கொண்டிருந்தார். கந்தையா அண்ணையை வீட்டுக்கு அனுப்பும் துண்டு.

"சுகமான ஆளுக்கே இப்பிடியெண்டால் உது ஹெலிப் பயம்தான். கொழும்புக்குப் போகத் தேவையில்லை."

கந்தையா அண்ணை சட்டையைப் போடத் தொடங்கினார். அவரது முகம் வெளிறி, நெற்றியில் வேர்வை பூத்தது. டொக்ரர் பேனையை வைத்துவிட்டு பிறசர் பார்த்தார். ஹெலி இல்லாத நேரத்திலும் ஏறியிருந்தது. அந்த ஊதா எதனால் வந்தது என்று அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"அம்மா, உண்மையைச் சொல்லுங்கோ. களவாய் வாழைப்பழம் குடுத்தனீங்களோ?"

இராசம்மா அக்காவுக்குக் கோபம் வந்தது. "ஒரு பழம் வாயிலை வைக்கேல்லை டொக்ரர். வந்தது முழுக்க இந்தத் தம்பிதான் திண்டவர். கோப்பியும் இவர்தான் குடிச்சவர். கேட்டுப் பாருங்கோ."

டொக்ரர் என்னைப் பார்த்தார்.

"ஓம் டொக்ரர். நோயாளிக்குத்தானே பத்தியம்?"

அவர் எழுதிய துண்டைக் கிழித்தார். எனக்கும் பத்தியம் வைத்து, வேறு போத்தல் தந்தார்.

அந்த முறையும் ஹெலி வந்தது. நானும் கட்டிலுக்குக் கீழே போனேன். ஆனால் போத்தலில் நிறம் துளியும் மாறவில்லை. லாப் மிஸி அதை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். "பாரும், தண்ணி மாதிரி இருக்கு."

4. குலை

கந்தையா அண்ணையைக் கொழும்புக்கு அனுப்பினார்கள். வழியில் என்ன நடக்குமோ என்று நான் நித்திரை கொள்ளவில்லை. அங்கே கட்டி இருந்தது. வெட்டி எடுத்தார்கள்.

சில மாதத்துக்குப் பிறகு வாட்டு வாசலில் ஒரு சைக்கிள் நின்றது. கரியரில் முழு இதரைக் குலை கட்டியிருந்தது. பிடித்துக்கொண்டு கந்தையா அண்ணை நின்றார். முகத்தில் வேர்வை இருந்தது. அது பண்டத்தரிப்பிலிருந்து குலையோடு சைக்கிள் மிதித்த வேர்வை.

"இப்ப பயமில்லாமல் தின்னும்" என்றார்.

புதிதாக வருகிற அற்றென்டன்மாருக்கு நான் சொல்வது இது. ஒப்பிட நிற்கிற ஆளுக்கும் பத்தியம் வையுங்கள். அவருடைய போத்தல் பிழையாகக் காட்டினால் நோயாளியின் உயிரே போகலாம். மற்றது, என்னைப் போலப் பயப்படுகிற பிள்ளைகளுக்குச் சொல்வது. ஒரு முழு நாள் பயத்தை ஹெலிச் சத்தத்தோடு சேர்த்துப் போத்தலில் பிடித்துச் சோதித்தார்கள். நிறம் மாறவில்லை. இந்தக் கதையை நான் எனக்கே பலதடவை சொல்லியிருக்கிறேன். பெரும்பாலும் நாடியைப் பிடித்துக்கொண்டுதான்.