சுற்றி வந்தவர் டோனட் வாங்க வேண்டும்

கிரேலிங் ஏரி விமான நிலையத்தில் காபி மெஷினுக்குப் பக்கத்தில், ரன்வேயைப் பார்த்த ஜன்னலோரமாக, பைலட்டுகளுக்கென்று ஒரு மேஜை உண்டு. அந்த மேஜைக்கு ஒரு சட்டமும் உண்டு. இறங்க வந்தவர் இறங்காமல் மறுபடி மேலே ஏறி, ஒரு சுற்று சுற்றி வந்து இறங்கினால், அன்றைக்கு எல்லோருக்கும் அவர் செலவில் ஒரு பெட்டி டோனட். யார் போட்ட சட்டமோ தெரியாது. அதனால் அதிகம் நொந்தவர் யார் என்பது மட்டும் ஊருக்கே தெரியும்: வெரா ஸ்டெஃபானிக். டோனட் கடை வாசலில் அவள் காரை நிறுத்தும்போதே கடைப் பெண் பெட்டியை மடக்க ஆரம்பித்துவிடுவாள்.

வெரா விமானத்துக்கு வந்ததே சுற்றுவழியில்தான். தெற்கே டாஃபின் என்ற ஊர்ப் பக்கத்தில் பள்ளிக்கூட பஸ் ஓட்டிக்கொண்டிருந்தவள். காலையில் பஸ், நடுவில் பறக்கும் பயிற்சி, பிள்ளைகள் வீடு திரும்பும் நேரத்துக்கு மறுபடி பஸ். சம்பளம் முழுவதும் பயிற்சி விமானத்தின் பெட்ரோலாக எரிந்தது. அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். கூடப் பழகிக்கொண்டிருந்தவன் நாசூக்காகக் கழன்றுகொண்டான், அதுவும் நல்லதுக்குத்தான். அப்புறம் வடக்கே வந்து, வருஷக்கணக்காக வலப்பக்க சீட்டில் துணை பைலட்டாக இருந்து, போன இலையுதிர் காலத்தில்தான் இடப்பக்கத்துக்கு நகர்ந்தாள். கேப்டன், ஆனால் தற்காலிகமாக. தலைமை பைலட் லியோனார்ட் பெக் கையெழுத்துப் போட்டால்தான் நிரந்தரம்.

பெக் அவளைக் கூப்பிட்டு நாசூக்கெல்லாம் பார்க்காமல் சொல்லியிருந்தார்: "வெரா, நீங்க நல்லா ஓட்டறீங்க. ஆனா எதுக்கெடுத்தாலும் சுத்தி வர்றீங்க. இனிமே காரணமில்லாம ஒரு தடவை சுத்தினாலும் பழைய சீட்டுக்கே போக வேண்டியதுதான்."

காரணம் அவளிடம் எப்போதும் இருந்தது. ரன்வே ஓரத்தில், காற்று வீசும் திசையைக் காட்டும் துணிப்பை கட்டிய கம்பம் ஒன்று நிற்கிறது. அதைத் தாண்டுவதற்குள் சக்கரம் தரையைத் தொட வேண்டும்; தொடாவிட்டால் மறுபடி மேலே கிளம்பிவிடுவாள். யோசனையே கிடையாது. இதை வைத்து டக் ரெம்பெல் செய்யாத கேலி இல்லை. சரக்கு விமானம் ஓட்டுகிற ரெம்பெலுக்கு மீசையும் பெரியது, வாயும் பெரியது.

அந்த வாரம் மேஜையில் வேறு பேச்சே இல்லை. தெற்கேயிருந்து வந்த வேறொரு கம்பெனி விமானம் பனியில் ரன்வேயைத் தாண்டி ஓடி, வேலியைப் பிய்த்துக்கொண்டு போய் மூக்கைப் பனிக்குள் புதைத்துவிட்டது. புண்ணியத்துக்கு உயிர்ச்சேதம் இல்லை. ஒருவருக்குக் கை முறிந்ததோடு சரி. ஓட்டியவர் கர்ட்டிஸ் ஹேல், இதே மேஜையில் உட்காருகிறவர். இப்போது வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். விமானத்தின் வால் இன்னும் ரன்வே முனைக்கு அப்பால் நீட்டிக்கொண்டிருந்தது.

"தொட்ட உடனே பிரேக்கை மிதிச்சிருக்கணும்யா. இது தெரியாதா அவனுக்கு?" என்றான் ரெம்பெல்.

"பின்னாடியிருந்து காத்து தள்ளிச்சு, அதைச் சொல்லு. யாரா இருந்தாலும் தள்ளிட்டுதான் போயிருக்கும்" என்றான் ஜோயல் ஸ்பென்ஸ். அவன் ஏரிக்கு அந்தப் பக்கத்து க்ரீ பழங்குடி ஊர்க்காரன், இந்தக் காற்றோடு வளர்ந்தவன்.

"காத்தும் இல்ல, பிரேக்கும் இல்ல. கம்பத்தைத் தாண்டி எவ்வளவோ தூரம் போய்த்தான் இறக்கியிருக்கார். அங்கயே கிளம்பியிருக்கணும்" என்றாள் வெரா.

"வந்துட்டாய்யா பள்ளிக்கூட பஸ்! ஸ்டாப்புக்கு ஸ்டாப்பு நிறுத்தி, பிள்ளைங்களை எண்ணிட்டுத்தான் கிளம்புவா" என்றான் ரெம்பெல்.

எல்லோரும் சிரித்தார்கள். வெரா சிரிக்கவில்லை. கோபம் அவளுக்கு மெதுவாகத்தான் வரும்; வந்தால் லேசில் அடங்காது.

"போன வாரம் கர்ட்டிஸ் சுத்திதான் வந்தார். இந்தா, இதே மேஜையிலதான் பெட்டியை வச்சார். 'வெரா வியாதி ஒட்டிக்கிச்சு'ன்னு நீதான் சொன்ன. மீசையெல்லாம் சர்க்கரையோட சிரிச்ச. இந்த வாரம் அவர் சுத்தல. இன்னொண்ணும் கேளு. பிரேக் எப்படிப் பிடிக்குதுன்னு கேட்டதுக்கு, அவருக்கு முன்னாடி இறங்கினவன் 'சுமார்'னு ரேடியோவில சொல்லியிருக்கான். இந்த ஊர்ல எவன் 'மோசம்'னு சொல்லியிருக்கான்? சறுக்கி விழுந்து எழுந்தாலும் சுமார்தான். சொன்னா மானம் போயிடும் பாரு!"

ஜோயல் காபிக்குள் பார்த்துக்கொண்டிருந்தான். ரெம்பெல் மட்டும், "அதுக்கு டோனட் மேலயா பழி போடற?" என்று முனகினான். யாரும் சிரிக்கவில்லை.

அன்று பிற்பகல் வெராவுக்கு வடக்கேயிருந்து பெண்கள் ஹாக்கி அணியை ஏற்றி வரும் வேலை. பின்னால் கோப்பையோடு ஒரே கூச்சல். வலப்பக்க சீட்டில், பார்த்து முடிவு செய்வதற்கென்றே, பெக். ஊரை நெருங்கும்போது பனி படுக்கைவசமாக அடித்தது. வெரா சரியாகத்தான் கொண்டுவந்தாள். கடைசி நேரத்தில் பின்னாலிருந்து ஒரு காற்று வந்து தூக்கியது. விமானம் தரைக்கு ஒரு முழம் மேலே மிதந்துகொண்டே போயிற்று. கம்பம் வந்தது. சக்கரம் தொடவில்லை.

பெக் பக்கத்தில் இருக்கிறார் என்பது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. இந்த ஒரு தடவை இறக்கினால் என்ன என்று மனசு கேட்கவும் கேட்டது. ஆனால் கை அதற்குள் முழு விசையையும் கொடுத்திருந்தது.

"சுத்தி வர்றேன்" என்றாள் ரேடியோவில்.

இரண்டாம் தடவை கம்பத்துக்கு நன்றாக முன்பே இறக்கினாள். பிரேக்கை மிதித்தாள். பிடிக்கவில்லை. சோப்புத் தண்ணீர் கொட்டிய தரையாக வழுக்கியது. என்ஜினைப் பின்னோக்கி இழுக்க வைத்து, மூக்கை நேராகப் பிடித்து, பிடித்து, கடைசியில் நின்றபோது முன்னே மிச்சமிருந்தது கொஞ்சம்தான். அதற்கு அப்பால் கர்ட்டிஸ் விமானத்தின் வால். பெக் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வெரா ரேடியோவை அழுத்தினாள். "பிரேக் மோசம்."

அடுத்து இறங்க வந்துகொண்டிருந்தவன் ரெம்பெல். "நிஜ மோசமா, வெரா மோசமா?"

"கர்ட்டிஸோட வாலுக்குக் கிட்டக்க நின்னு சொல்றேன்யா. மோசம்."

ஓரமாகத் திரும்பி நின்று இருவரும் பார்த்தார்கள். ரெம்பெலின் விளக்குகள் பனிக்குள்ளிருந்து வந்தன, தாழ்ந்தன, தரைக்கு மேலே மிதந்தன. கம்பத்துக்கு நேரே வந்ததும் என்ஜின் உறுமியது. விளக்குகள் மேலே ஏறின.

"கம்பம் வந்துடுச்சு, சக்கரம் தொடல" என்றது ரேடியோ. "சுத்தி வர்றேன்."

பெக் அவள் பக்கம் திரும்பினார். "முதல் தடவையே இறக்கியிருந்தா நாமளும் வேலிக்கு அந்தப் பக்கம்தான் கிடந்திருப்போம். காரணமில்லாமன்னு இனிமே சொல்ல மாட்டேன். உள்ள வந்ததும் கையெழுத்துப் போட்டுடறேன், கேப்டன்."

பின்னால் பெண்கள் கோப்பையைத் தட்டித் தட்டி ஒரே ஆட்டம். முன் சீட்டில் நடந்தது வேறு வெற்றி என்று அவர்களுக்கு யார் சொல்வது? வெராவும் சீட்டைத் தட்டித் தாளம் போட்டாள்.

பனி வாரும் வண்டி ஓடிச் சுத்தம் செய்தபிறகு ரெம்பெல் இறங்கினான். வெகுநேரம் கழித்து, மீசையில் பனியோடு வந்து மேஜைமேல் ஒரு பெட்டியை வைத்தான். ஒருவரும் கை நீட்டவில்லை.

"என்னய்யா பாக்கறீங்க? சட்டம் சட்டம்தானே? எடுங்க" என்றான்.

"சட்டத்தை மாத்தியாச்சு" என்றாள் வெரா. "இனிமே சுத்தி வந்தவங்க வாங்கக் கூடாது. அவங்களுக்கு மத்தவங்க வாங்கித் தரணும். ஜோயல், கர்ட்டிஸுக்குப் போன் போடு. அவருக்கு ஒரு பெட்டி பாக்கி இருக்கு, வந்து சாப்பிடச் சொல்லு."

அடுத்த வாரமே வெரா மறுபடி சுற்றி வந்தாள். மறுநாள் காலை கடை வாசலில் அவள் காரைப் பார்த்ததும் கடைப் பெண் வழக்கம்போல் பெட்டியை மடக்கினாள். வரிசையில் நின்றிருந்த ரெம்பெல் அவளைத் தடுத்தான்.

"பில்லை அவகிட்ட நீட்டாதேம்மா. நேத்து கேப்டன் சுத்தி வந்தாங்க. இன்னிக்கு நான் வாங்கறேன்."