வெயிலுக்குப் பதில் மாத்திரை

“உடம்புல வைட்டமின் டி ரொம்பக் கம்மிக்கா. தினமும் கொஞ்சம் வெயில்ல நில்லுங்க, இல்லன்னா மாத்திரை சாப்பிடுங்க” என்றார் டாக்டர். யோசித்துச் சொல்வதாகக் கூறிவிட்டுக் கிளம்பினேன்.

ஈப்போ நகரத்துக் கிளினிக் வாசலில் உச்சி வெயில் முகத்தில் அடித்ததும் அம்மாவின் சட்டை வாடை நினைவுக்கு வந்தது. எழுபதுகளில் பாகான் டத்தோ தென்னந்தோட்டத்தில் அம்மா பகலெல்லாம் புல் வெட்டினார். வீடு திரும்பும்போது சட்டை முதுகில் உப்பு பூத்திருக்கும். நான் வெளியே விளையாடினால் போதும், அம்மா கத்துவார்.

“உள்ள போடி! நான் கருகினது பத்தாதா? நீ படிச்சு நெழல்ல உக்காந்து வேலை செய்யணும்லா!”

அப்படித்தான் முப்பது வருஷம் குளுகுளு ஏர்கான் அறையில் உட்கார்ந்தேன்.

கொஞ்ச நேரம் வெயிலில் நின்று பார்த்தேன். அம்மா சொன்னதை மீறுவது போலிருந்தது. அலுப்போடு கிளினிக்குக்குள் திரும்பி, மாத்திரையே வாங்கிக்கொண்டேன்.