தானாகத் திறக்கும் திரை

அந்த மெத்தைக் கம்பெனியில் அவளை எல்லோரும் டயல்டோன் என்றுதான் கூப்பிட்டார்கள். ஏற்ற இறக்கம் கிடையாது, மூச்சு வாங்குவது கிடையாது, போனை எடுத்ததும் கேட்கும் ஓசை போல ஒரே சுருதியில் பேசுவாள். ஒருமுறை அவள் பேச ஆரம்பித்ததும் பஞ்சு அடிக்கும் இயந்திரம் தோற்றுப்போய்த் தானே நின்றுவிட்டது என்று தையல் பிரிவில் இன்றும் சத்தியம் செய்வார்கள்.

கம்பெனியின் கிளைகளை எல்லாம் இணைக்கும் வீடியோ சர்வர் அவள் பொறுப்பு. எந்தக் கிளையின் திரையானாலும், எந்த மேஜையின் போனானாலும், அந்த சர்வரிடம் வந்து பெயர், எண், கடவுச்சொல் மூன்றையும் ஒப்பித்துப் பதிவு செய்துகொள்ள வேண்டும். பதிவு இல்லாத கருவி சுவரில் மாட்டிய வெறும் கண்ணாடி.

அவளுக்கு மேலே நிர்வாக மேலாளராக உட்கார்ந்திருந்தது வேறு யாருமில்லை, கணவனின் தங்கை. வீட்டில் "நீ, வா, போ". அலுவலக வாசலில் ஸ்கூட்டரை நிறுத்திய நொடியிலிருந்து "மேடம்". நாத்தனாரோ இரண்டு இடத்திலும் "அண்ணி" என்றே அழைப்பாள். அந்தச் சொல்லுக்குள் ஊசி வைத்துப் பேச அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

தலைமை அலுவலகத்திலிருந்து அழைத்தால் எல்லாத் திரைகளும் தாமாகத் திறக்க வேண்டும் என்று உத்தரவு போட்டதும் நாத்தனார்தான்.

"யாரும் பட்டன் அமுக்காமலே திறந்துடுமே மேடம். உள்ள யார் எப்படி இருக்காங்களோ?"

"அதுக்குத்தானே கேக்கறேன் அண்ணி. நான் என்ன, கதவைத் தட்டிட்டு நிக்கணுமா?"

விதியை எழுதினாள் டயல்டோன். நாத்தனாரின் மேஜைக் கருவிக்கு மட்டும் விலக்கு. முதலில் மாட்டியது எழுதியவளேதான்.

தொழில்நுட்பத் தலைவர் பதவி காலியாக இருந்தது. அடுத்த நாள் முதலாளியிடம் அதைக் கேட்பதாக இருந்தாள். மதியம் ஆளில்லாத சோதனை அறையில், அணைந்திருந்த திரையை முதலாளியாக நினைத்துக்கொண்டு, கை கூப்பி, தொண்டையைச் செருமி, "ஐயா, இந்தப் பதவிக்கு என்னைவிடத் தகுதியான ஆள் இல்லைங்க" என்று ஒத்திகை பார்த்தாள். சரியாக வரவில்லை. இன்னும் கொஞ்சம் குழைந்து இன்னொரு முறை சொன்னாள். அழைப்பு வந்தால் கேமரா சட்டென்று விழித்துக்கொள்ளும். திரைதான் சோம்பேறி, நிதானமாக வெளிச்சம் வரும். வெளிச்சம் வந்தபோது திரையில் தலைமை அலுவலகக் கூட்ட அறை முழுக்க அதிகாரிகள், வாயைப் பொத்திக்கொண்டு. நடுவில் நாத்தனார், உதட்டில் விரலை வைத்து எல்லோரையும் அமர்த்திக்கொண்டிருந்தாள்.

"எங்க அண்ணி தனக்குத்தானே பதவி ஏத்துக்கிட்டாங்க, எல்லாரும் கை தட்டுங்கப்பா!"

தட்டினார்கள். பதவி வேறொருவனுக்குப் போயிற்று. டயல்டோன் அன்று மாலை வரை ஒரு வார்த்தை பேசவில்லை. கட்டடமே பழுதாகிவிட்டது போலிருந்தது என்றார் காவலாளி.

பழி வாங்க அவள் அவசரப்படவில்லை. நெஞ்சுக்குள் ஒரு அடுப்பு; அதற்கு வேளா வேளைக்கு விறகு போட்டுக்கொண்டு காத்திருந்தாள். நாத்தனாரின் பகட்டு ஒருநாள் வழி விட்டது. மேஜையில் இருக்கும் அதே எண்ணில் தன் வீட்டுக் கூடத்திலும் ஒரு பெரிய திரை வேண்டுமாம்.

"பதிவு பண்ணிடறேன் மேடம். தானா திறக்கற விதியிலேர்ந்து வீட்டுத் திரைக்கும் விலக்கு போடணுமா?"

"எல்லாருக்கும் போட்டதையே போடுங்க அண்ணி. சும்மா நச்சரிச்சுக்கிட்டு!"

"சரிங்க மேடம்," என்றாள் டயல்டோன். அவ்வளவு சுருக்கமாக அவள் பேசி யாரும் கேட்டதில்லை. நாத்தனார் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

புதுச் சோபா வந்த அன்று நாத்தனார் அலுவலகத்துக்குக் காய்ச்சல் என்று சொல்லிவிட்டு, குடும்பத்தையே சாப்பிடக் கூப்பிட்டிருந்தாள். டயல்டோன் முறையாக விடுப்பு எடுத்துக்கொண்டு போனாள். தூசி படாமலிருக்கத் திரைக்குப் பூ வேலை செய்த துணி போர்த்தியிருந்தார்கள். கேமரா மட்டும் மேலே தலை நீட்டிக்கொண்டிருந்தது.

சாப்பாடு முடிந்ததும் நாத்தனார் கூடத்தின் நடுவில் வந்து நின்று முதலாளியைப் போல நடந்து காட்டினாள். தொப்பையைத் தள்ளிக்கொண்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, மூன்று அடிக்கு ஒரு ஏப்பம். மாமியார் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கணவன் சோபாவிலிருந்து சரிந்தே விட்டான்.

அந்தக் கூச்சலில் மெல்லிய மணியோசை ஒன்று அமுங்கிப்போயிற்று. கேமராவின் விளக்கு பச்சையானது.

டயல்டோனுக்கு மட்டும் புரிந்தது. நாத்தனார் முந்தின நாளே மேஜைக் கருவியை அணைத்துவிட்டு வந்திருக்கிறாள். காய்ச்சல் விசாரிக்க முதலாளி அழைத்த அழைப்பு வீட்டுக்கு வந்து, கதவைத் தட்டாமல் உள்ளே நுழைந்திருக்கிறது. ரிமோட் டயல்டோனின் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. அவள் கேமராவை மறைக்காமல் சற்று நகர்ந்து உட்கார்ந்தாள்.

"ரொம்ப நல்லாருக்கு. அந்த ஏப்பத்தோட இன்னொரு தடவை நடந்து காட்டேன்!"

காட்டினாள். கூடுதலாகக் கணக்கப்பிள்ளையை முதலாளி திட்டும் திட்டையும் சேர்த்தாள். துணிக்கு அடியிலிருந்து ஒரு குரல் வந்தது.

"காய்ச்சல் இப்போ தேவலையாம்மா?"

அந்த வாரமே நாத்தனாரைக் கிடங்குப் பிரிவுக்கு மாற்றினார்கள். அவள் பெயரில் இருந்த எல்லாப் பதிவுகளையும் சர்வரிலிருந்து நீக்கச் சொன்னார் முதலாளி. கிடங்கு போனைப் பதிவு செய்ய அவள் சோதனை அறைக்கே நேரில் வர வேண்டியதாயிற்று. கதவைச் சாத்திக்கொண்டு கேட்டாள்.

"பச்சை விளக்கைப் பாத்தீங்கதானே அண்ணி?"

"பாத்தேன்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல? நான் உங்க வீட்டுப் பொண்ணு."

"நானும் அதே வீட்டுக்கு வந்தவதான். நான் கை கூப்பிக்கிட்டு நின்னப்போ உதட்டுல விரல் வச்சது யாரு?"

நாத்தனாரின் மூக்கு சிவந்தது. டயல்டோனுக்கு அது அறுசுவை விருந்தாக இருந்தது. நாற்காலியைக்கூட நகர்த்திப் போடவில்லை. நின்றுகொண்டே இருக்கட்டும் என்று விசைப்பலகையை ஒவ்வொரு விரலாகத் தட்டி, தட்டியதை அழித்து, மறுபடி தட்டினாள்.

"எந்த நம்பர் வேணும்?"

"ஏதோ ஒண்ணு குடுங்க."

"அப்படியெல்லாம் குடுக்க முடியாது. முறையா கேக்கணும்."

"எனக்கு ஒரு நம்பர் குடுங்க... மேடம்."

டயல்டோன் இருப்பதிலேயே நீளமான எண்ணைத் தேடிக் கொடுத்தாள்.